வட்டு எங்கே போனது? – ஐஸ் ஹாக்கியின் கூடுதல் நேரம் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் வெல்லும் அணிக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கூடுதல் நேரத்தில் ஒரு கோல்கீப்பரின் கால்சட்டைக்குள் வட்டு (பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் துண்டு) விழுந்து, அதுவே வெற்றி கோலாக முடிந்த கதையைப் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியை விரித்து எழுதக் கேட்டும், அதை நம்ப மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கால்சட்டைக்குள் விழுந்த வட்டு கோலாகுமா? நீங்கள் வேடிக்கைக்காக எழுதினீர்களா?

பதில்: வேடிக்கையாக நடந்தது; வேடிக்கைக்காக எழுதவில்லை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், 2013 டிசம்பர் 23 அன்று பீனிக்ஸ் கொயோட்டீஸ் அணியும் பஃபலோ சேபர்ஸ் அணியும் 1-1 என்ற சமநிலையில் கூடுதல் நேரத்துக்குள் நுழைந்தன. பீனிக்ஸ் கோல்கீப்பர் மைக் ஸ்மித்தின் முன்னால் மேலே எழும்பிய வட்டு, அவர் தலைக்குப் பின்புறமாக இறங்கி, இடுப்பருகே அவருடைய கால்சட்டைக்குள் புகுந்துகொண்டது. வட்டு தன் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. அத்தகைய நேரத்தில் எந்தக் கோல்கீப்பரும் செய்வதையே அவரும் செய்தார்: கோல் கோட்டைக் காப்பதற்காகப் பின்னால் நகர்ந்தார். அப்படி நகர்ந்தவர், வட்டையும் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டி வலைக்குள் போய்விட்டார்.

விதி இந்த இடத்தில் மிகத் தெளிவானது. வட்டு முழுவதும் கோல் கோட்டைக் கடந்துவிட்டால் அது கோல்தான். அது பனித்தரையில் வழுக்கிச் சென்றதா, காற்றில் பறந்து சென்றதா, யாருடைய உடையில் ஏறிச் சென்றதா என்பதை விதி கேட்பதில்லை. பஃபலோ 2-1 என்று வென்றது. கடைசியாக வட்டைத் தொட்ட பஃபலோ வீரர் என்ற முறையில் மார்க் பைசிக்கின் பெயரில் கோல் பதிவானது.

இதில் என்னை அதிகம் கவர்வது இன்னொரு செய்தி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, அக்டோபர் 19 அன்று, இதே மைக் ஸ்மித் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கே மீதமிருந்தபோது, தன் முனையிலிருந்து அடித்து எதிரணியின் காலி வலைக்குள் கோல் போட்டிருந்தார். கோல்கீப்பர் கோல் போடுவது மிக அரிது. ஒரே பருவத்தில் அந்த அரிய பெருமையையும் இந்த அரிய சங்கடத்தையும் ஒருவரே பெற்றார்.

கேள்வி: கூடுதல் நேரத்தில் நடக்கும் பிழை மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? மற்ற நேரத்தில் யாரும் பிழை செய்வதில்லையா?

பதில்: செய்கிறார்கள், ஏராளமாகச் செய்கிறார்கள். ஆனால் அதைச் சரிசெய்ய அவர்களுக்கு நேரம் இருக்கிறது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. வழக்கமான பருவ ஆட்டங்களில் கோல்கீப்பரைத் தவிர அணிக்கு மூவர் என்ற கணக்கில் ஐந்து நிமிடம் ஆடுவார்கள். அதிலும் முடிவு கிடைக்காவிட்டால் ஷூட்-அவுட், அதாவது கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொரு வீரராகத் தனியே வந்து அடிப்பது. கோப்பைக்கான பிளே-ஆஃப் (நாக்-அவுட்) சுற்றுகளில் ஷூட்-அவுட் கிடையாது. அணிக்கு ஐவர் என்ற வழக்கமான எண்ணிக்கையிலேயே, இருபது இருபது நிமிடங்களாக, யாராவது கோல் போடும் வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். 1936 மார்ச் 24 இரவு தொடங்கிய ஓர் ஆட்டத்தில் டெட்ராய்ட் அணியின் மட் புருனெட்டோ, மான்ட்ரியல் மரூன்ஸ் அணிக்கு எதிராகக் கோல் போட்டபோது கூடுதல் நேரம் மட்டுமே 116 நிமிடம் 30 நொடி ஆகியிருந்தது. அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலும் அதுதான். கால்கள் ஓய்ந்து, பனித்தரை கீறலுற்று, வட்டு தாறுமாறாகத் துள்ளும் அந்நேரத்தில் விசித்திர கோல்கள் விழுவதில் வியப்பில்லை.

கேள்வி: நம்மூர் மைதானங்களில் 'சேம் சைடு கோல்' என்று கேலி செய்வோமே, ஐஸ் ஹாக்கியில் அதை எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

பதில்: பதிவே செய்வதில்லை. கால்பந்தில் தன் வலைக்குள் பந்தைத் தள்ளியவரின் பெயர் ஆட்ட அறிக்கையில் ஏறிவிடும். தேசிய ஹாக்கி லீக்கின் அறிக்கையில் அந்தக் குற்றவாளிக்கு இடமில்லை. கோல் பெற்ற அணியில் கடைசியாக வட்டைத் தொட்டவருக்கே கோல் எழுதப்படுகிறது. அவர் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பது பொருட்டல்ல.

இந்த வழக்கத்தால் ஒரு சாதனையே பிறந்தது. 1979 நவம்பர் 28 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி ஒரு தவறு செய்ய, எதிரணியான கொலராடோ ராக்கீஸ் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துக்கொண்டு கூடுதல் தாக்குதல் வீரரை இறக்கியது. தவறிழைத்த அணி வட்டைத் தொட்டால் நடுவர் உடனே ஊதிவிடுவார் என்பதால், அந்நேரத்தில் காலி வலைக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் கருதுவார்கள். கொலராடோவின் ராப் ராமேஜ் பின்னோக்கிக் கொடுத்த பாஸை வாங்க யாரும் இல்லாததால், அது அரங்கின் முழு நீளத்தையும் கடந்து அவர்களுடைய காலி வலைக்குள்ளேயே போய் விழுந்தது. அதற்குச் சற்று முன்பு வட்டு கடைசியாகப் பட்ட ஐலண்டர்ஸ் வீரர், அந்த அணியின் கோல்கீப்பர் பில்லி ஸ்மித். லீக்கின் வரலாற்றில் கோல் போட்ட முதல் கோல்கீப்பர் என்று அவர் பெயர் எழுதப்பட்டது. எதிரணி வலையை நோக்கி உண்மையிலேயே அடித்துக் கோல் போட்ட முதல் கோல்கீப்பர் பிலடெல்பியாவின் ரான் ஹெக்ஸ்டால். அதற்கு 1987 டிசம்பர் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: 1986-இல் ஸ்டீவ் ஸ்மித் கூடுதல் நேரத்தில் தன் அணிக்கு எதிராகவே கோல் போட்டாரே, அதுதானே இவற்றில் மிக மோசமானது?

பதில்: மோசமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், கூடுதல் நேரம் என்பதை அல்ல. அது இருபது நிமிடப் பகுதிகள் மூன்றில் கடைசியானதில், 5 நிமிடம் 14 நொடியில் நடந்தது. இந்தத் திருத்தம் சில்லறை விஷயமல்ல. அதன் பிறகும் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்குச் சமன் செய்யப் பதினான்கு நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான வெய்ன் கிரெட்ஸ்கியைப் போன்றவர்கள் ஆடிய அணியால் அது முடியவில்லை. ஆனாலும் பழி முழுவதும் ஒருவர் மேல் விழுந்தது.

நடந்தது இதுதான். 1986 ஏப்ரல் 30, கால்கரி பிளேம்ஸ் அணிக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம், 2-2. அன்று ஸ்டீவ் ஸ்மித்துக்கு 23-ஆவது பிறந்த நாள். தன் வலைக்கு அருகிலிருந்து எதிர்ப்புறம் இருந்த சகாவுக்கு அவர் அனுப்பிய பாஸ், கோல்கீப்பர் கிரான்ட் ஃபுரின் காலின் பின்பக்கத்தில் பட்டு உள்ளே போய்விட்டது. கோல் யார் பெயரில் ஏறியது தெரியுமா? வட்டை எட்மன்டன் பகுதிக்குள் தள்ளிவிட்டு, ஆள் மாற்றத்துக்காகத் தன் அணியின் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்திருந்த பெர்ரி பெரெசான் பெயரில். 1984, 1985 ஆகிய இரு ஆண்டுகளும் கோப்பையை வென்றிருந்த எட்மன்டன் அந்த ஆண்டு வெளியேறியது. 1987-இல் மீண்டும் கோப்பையை வென்றபோது, அணித்தலைவர் வெய்ன் கிரெட்ஸ்கி அதைத் தான் பெற்றுக்கொண்டதும் முதலில் கொடுத்தது ஸ்டீவ் ஸ்மித்தின் கைகளில்.

கேள்வி: அப்படியானால் கூடுதல் நேரத்தில், கோப்பையே கைமாறும் கட்டத்தில், இத்தகைய பிழை நிகழ்ந்ததுண்டா?

பதில்: உண்டு. அதைச் செய்தவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தற்காப்பு வீரர் என்பதுதான் அதன் சுவை. 1954 ஏப்ரல் 16, டெட்ராய்ட் நகரில் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியல் கனடியன்ஸும் 1-1 என்று நின்று கூடுதல் நேரம் ஆடின. டெட்ராய்டின் டோனி லெஸ்விக், ஆள் மாற்றிக்கொள்வதற்கு நேரம் தேடி, வட்டை உயரமாகத் தூக்கி மான்ட்ரியல் பக்கம் போட்டார். அதில் எந்த ஆபத்தும் இல்லை. மான்ட்ரியலின் டக் ஹார்வி அதைக் கையுறையால் தட்டிக் கீழே இறக்க முயன்றார். வட்டு அவர் கையுறையில் உரசித் திசைமாறி, கோல்கீப்பர் ஜெரி மெக்நீலின் தோளைத் தாண்டி வலைக்குள் இறங்கிவிட்டது. நேரம் 4 நிமிடம் 29 நொடி, கோப்பை டெட்ராய்டுக்கு. மான்ட்ரியல் வீரர்கள் வழக்கமான கைகுலுக்கல்கூட இல்லாமல் பனித்தரையை விட்டு வெளியேறினார்கள்.

ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் முடிந்தது இதுவரை இரண்டே முறைதான், 1950-லும் 1954-லும்; இரண்டு முறையும் வென்றது டெட்ராய்ட். ஹார்வியின் பெயர் அதனால் கெட்டுவிடவில்லை. அடுத்த பருவத்திலேயே சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பையை முதன்முறையாக வென்ற அவர், மொத்தம் ஏழு முறை அதைப் பெற்றார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஸ்டான்லி கோப்பையை வென்ற மான்ட்ரியல் அணியிலும் அவர் இருந்தார்.

கேள்வி: கோல் விழுந்ததே யாருக்கும் தெரியாமல் போன சம்பவங்கள் உண்டு என்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எப்படிச் சாத்தியம்?

பதில்: வட்டு மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கறுப்பு ரப்பர் துண்டு. பத்துப் பேர் முட்டி மோதும் இடத்தில் அது கண்ணிலிருந்து மறைவது அன்றாட நிகழ்ச்சி. கூடுதல் நேரத்தில் மறைந்தால் மட்டும் அது வரலாறாகிவிடுகிறது. மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். மூன்றும் வெவ்வேறு வகை.

2010 ஜூன் 9, பிலடெல்பியாவில் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கூடுதல் நேரத்தின் 4 நிமிடம் 6 நொடியில், சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் 21 வயது பேட்ரிக் கேன் ஏறத்தாழக் கோல் கோட்டுக்கு இணையான ஒரு குறுகிய கோணத்திலிருந்து அடித்த வட்டு, கோல்கீப்பர் மைக்கேல் லெய்ட்டனைக் கடந்து, வலையின் அடிப்பகுதியில் இருந்த திண்டுக்கடியில் செருகிக்கொண்டது. கோல் விளக்கு எரியவில்லை. நடுவர் கை காட்டவில்லை. அரங்கில் ஆரவாரம் இல்லை. கேன் மட்டும் மட்டையையும் கையுறைகளையும் வீசியெறிந்துவிட்டு, மறுமுனையில் இருந்த தன் கோல்கீப்பரை நோக்கி விரைந்தார். சகாக்கள் முதலில் சற்றுத் தயங்கி, இவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் பின்தொடர்ந்தார்கள். 1961-க்குப் பிறகு சிகாகோவுக்குக் கிடைத்த முதல் ஸ்டான்லி கோப்பை, இப்படிப் பாதி நம்பிக்கையோடு கொண்டாடப்பட்டது.

2011 மே 24 அன்று வான்கூவரில் நடந்தது இதற்கு நேர்மாறானது: அங்கே கோல் விழுவதற்கு முன்பே வட்டு தொலைந்துவிட்டது. சான் ஹோசே ஷார்க்ஸுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம்; அதற்குள் இரண்டாவது கூடுதல் நேரம். வான்கூவரின் அலெக்சாண்டர் எட்லர் பலகை ஓரமாகத் தள்ளிய வட்டு, இரண்டு கண்ணாடித் தடுப்புகளுக்கு இடையே இருந்த தூணில் பட்டு, சற்றும் எதிர்பாராத கோணத்தில் களத்தின் நடுப்புறமாகத் திரும்பியது. எதிரணியினர், கோல்கீப்பர் ஆன்ட்டி நியெமி உட்பட, வட்டு வெளியே போய்விட்டதாகவே நினைத்துக் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுகொண்ட கெவின் பியெக்சா, துள்ளிக்கொண்டு தன்னிடம் வந்த வட்டை ஓங்கி அடித்தார். அடி சரியாகப் படவில்லை. வட்டு தத்தித் தத்தித்தான் போனது. ஆனால் கோல்கீப்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேகம் எதற்கு? வான்கூவர் 3-2 என வென்று, 1994-க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டியது. பார்க்கத் தெரிந்தவன் வென்ற கோல் இது என்பதால், விசித்திர கோல்களில் என் முதல் தேர்வு எப்போதும் இதுதான்.

மூன்றாவது, 2022 ஜூன் 22, தாம்பாவில் இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம். விரலில் அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த கொலராடோ அவலாஞ்ச் அணியின் நசெம் காத்ரி கூடுதல் நேரத்தில் அடித்த வட்டு, தாம்பா கோல்கீப்பர் ஆந்த்ரேய் வசிலேவ்ஸ்கியின் கைக்கடியில் நழுவி வலையின் மேற்பகுதியில் சிக்கித் தொங்கியது. சில நொடிகளுக்கு எல்லோரும் தரையில் தேடினார்கள். வட்டு கிடைத்த பிறகு வேறொரு சிக்கல் முளைத்தது: ஆள் மாற்றத்தின்போது கொலராடோவுக்கு ஒருவர் கூடுதலாகக் களத்தில் இருந்தார் என்று தாம்பா தரப்பு கருதியது. அது நடுவர்கள் களத்திலேயே தீர்மானிக்க வேண்டிய விஷயம்; காணொளிப் பரிசீலனைக்கு உரியதல்ல. கோல் நின்றது.

கேள்வி: நடுவர்களின் முடிவால் சர்ச்சைக்குள்ளான கோல்களில் முதன்மையானது எது?

பதில்: 1999 ஜூன் 19, பஃபலோவில், மூன்றாவது கூடுதல் நேரத்தில், டல்லஸ் ஸ்டார்ஸ் அணியின் பிரெட் ஹல், பஃபலோ கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக்கை வீழ்த்திக் கோப்பையை வென்ற கோல். அந்தப் பருவத்தில், வட்டு வருவதற்கு முன்பே தாக்குதல் வீரரின் ஸ்கேட் கோல்கீப்பரின் நீலக் கட்டத்துக்குள் இருந்தால் கோல் செல்லாது என்ற கடுமையான விதி நடைமுறையில் இருந்தது. ஹல்லின் கால் கட்டத்துக்குள் இருந்தது. வட்டு தொடர்ந்து அவர் வசமே இருந்ததாகக் கருதப்படுவதால் கோல் செல்லும் என்பது லீக்கின் விளக்கம். பஃபலோ ரசிகர்கள் இன்றும் அதை ஏற்கவில்லை. விளக்கத்தைவிட, அடுத்த பருவத்தில் அந்த விதியையே லீக் கைவிட்டது அதிகம் பேசுகிறது என்பது என் கருத்து.

கேள்வி: கூடுதல் நேரத்தில் கோல்கீப்பரை வெளியே எடுக்கும் பயிற்சியாளர் இருப்பாரா?

பதில்: இருக்கிறார். வழக்கமான பருவத்தில், கூடுதல் நேரத்தில் தோற்கும் அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. ஆனால் தானாகவே கோல்கீப்பரை எடுத்துவிட்டு, அந்நேரத்தில் கோல் வாங்கித் தோற்றால் அந்த ஒரு புள்ளியும் போய்விடும். 2024 மார்ச் இறுதியில், பிளே-ஆஃப் இடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த மின்னசோட்டா வைல்ட் அணி வேகாஸ் அணிக்கு எதிராக அந்தத் துணிச்சலில் இறங்கியது. ஜொனாதன் மார்ஷசோ காலி வலைக்குள் அடிக்க, 2-1 என்ற தோல்வியோடு கையிலிருந்த புள்ளியும் கரைந்தது. ஒரு புள்ளியால் பயனில்லை, இரண்டும் வேண்டும் என்ற நிலையில் இருப்பவரின் கணக்கு அது. கோமாளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: காலி வலையைத் தவறவிட்டு ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்துவிட்ட ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். யார் அவர்?

பதில்: பேட்ரிக் ஸ்டெஃபான். 2007 ஜனவரி 4 அன்று டல்லஸ் 5-4 என்று முன்னிலையில் இருக்க, எட்மன்டனின் காலி வலைக்கு முன்னால் தன்னந்தனியாக நின்றார். மெல்லத் தள்ளினால் போதும். வட்டு அவர் மட்டையைத் தாண்டித் துள்ளியது. அவர் தடுமாறி விழுந்தார். எட்மன்டன் வீரர்கள் வட்டை மறுமுனைக்குக் கொண்டுபோய், சுமார் இரண்டு நொடி மீதமிருக்கையில் அலெஷ் ஹெம்ஸ்கி மூலம் சமன் செய்தார்கள். ஷூட்-அவுட்டில் டல்லஸ்தான் வென்றது என்பது பலருக்கும் மறந்துபோய்விட்டது. 1999-இல் லீக்கின் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். காலி வலையைத் தவறவிட்ட 2006-07 பருவமே லீக்கில் அவருடைய கடைசிப் பருவமாக அமைந்தது.

கேள்வி: பேட்ரிக் கேன் 2010-இல் அடித்த அந்த வட்டு இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

பதில்: எதிலும் இல்லை. கொண்டாட்டமும் குழப்பமும் கலந்த அந்த நிமிடங்களில் யாரோ அதை வலையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். சிகாகோவிலுள்ள ஓர் உணவகம் அதைக் கொண்டுவருபவருக்கு 50,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. பரிசு வாங்க யாரும் வரவில்லை.